பங்குனி ஆமையைக் காண்பது எப்படி?

நமது பாப்பிரெட்டிப்பட்டியில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை தெரியும், கடல் தெரியாது. நம்மில் பலருக்குக் கடல் என்றால் பாடப் புத்தகத்துப் படமும் சந்தைக்கு வரும் கருவாடும்தாம். சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, வெளிநாடுகளில் படகிலேறிச் சென்று கடல் நாய்களைப் பார்த்து வருவதைப் பற்றிய படமொன்றை வகுப்பில் காட்டினார்கள். பாறைகளின் மேல் மூட்டை மூட்டையாய்ப் படுத்திருந்த அந்தப் பிராணிகளைக் கண்டவுடன், "நம் கடலிலும் இவை உண்டா, டீச்சர்?" என்று நான்கு பேர் ஒரே குரலில் கேட்டோம்.

இல்லை என்பதுதான் விடை. கடல் நாய்களுக்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளை ஒட்டிய குளிர்ந்த கடல்களிலேயே வாழ்கின்றன. வெதுவெதுப்பான நமது வங்கக் கடல் அவற்றுக்கு ஒவ்வாது. நமக்கு வாய்த்த கடல் பாலூட்டி ஆவுளியா எனப்படும் கடல் பசு. பாக் நீரிணையில் கடற்புல் மேய்ந்து வாழும் இதற்காகவே 2022-ஆம் ஆண்டு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் கடல் பசு கரைக்கு வருவதே இல்லை. நீருக்குள் பிறந்து, நீருக்குள்ளேயே வாழ்ந்து மடியும் அதனை மணலில் நின்று காண வழியில்லை.

அப்படியானால் கடல் நாயைப் போல, கடலில் வாழ்ந்தும் பிள்ளைப்பேற்றுக்குக் கரையை நாடும் உயிர் நம்மிடம் எதுவுமே இல்லையா? உண்டு. கடலாமை! இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உள்ளன. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்று மீனவர்கள் அவற்றுக்கு அழகழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். இவற்றுள் சென்னைக் கரைக்கு ஆண்டுதோறும் முட்டையிட வருவது பங்குனி ஆமை. மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரையில் அதன் வருகை உண்டு. ஓட்டின் நீளம் இரண்டடிக்குச் சற்று அதிகம். எடை ஏறத்தாழ 40 கிலோ, அதாவது நம்மில் ஒருத்தியின் எடை.

வழிகாட்டியுடன் நடந்து சென்று அதனைக் காணும் வழக்கம் சென்னையில் நெடுநாளாக இருந்து வருகிறது. 1970-களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். அக்காலத்தில் முட்டைகளை மனிதர் தோண்டி எடுத்து விற்பதும், நாய்கள் தோண்டித் தின்பதும் சகஜமாக இருந்தன. பிறகு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், அதன்பின் வனத்துறையும் சில காலம் அப்பணியைச் செய்தன. 1988-ஆம் ஆண்டு கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையுள்ள சுமார் 7 கிலோமீட்டர் மணலில், பருவம் முழுவதும் இரவுதோறும் நடக்கிறார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. படிப்பு முடிந்து ஒரு தலைமுறை போக, அடுத்த தலைமுறை வந்து நடக்கிறது.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் பொம்மிடியில் இரயிலேறி நாங்கள் பதினெட்டுப் பேர், இரண்டு ஆசிரியைகளுடன் சென்னைக்குப் போனோம். இரவு பதினொன்றரை மணிக்கு நீலாங்கரை மணலில் எங்களை உட்காரவைத்து, கல்லூரி மாணவியான ஓர் அக்கா விதிகளைச் சொன்னார். டார்ச் விளக்கு கூடாது. கைப்பேசி வெளியில் வரவே கூடாது. வெள்ளை உடை அணிந்தவர்கள் மேலே கருநிறத் துணி போர்த்திக்கொள்ள வேண்டும். வழிகாட்டிக்கு முன்னால் ஒருவரும் நடக்கக் கூடாது. அவர் கையை உயர்த்தினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். "ஆமை வரும்னு நான் சொல்ல மாட்டேன்மா. வந்தா, நீங்க வந்தது அதுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

இவ்விதிகள் எல்லாம் கெடுபிடிக்காக ஏற்பட்டவை அல்ல. கடல் நாய்களைக் காணச் செல்லும் படகுகளும் தொலைவிலேயே நிறுத்தப்படுவதன் காரணம் இதுவே. பாறையில் இளைப்பாறும் கடல் நாய் மிரண்டால் மொத்தக் கூட்டமும் தண்ணீரில் பாயும். அந்தக் களேபரத்தில் குட்டி தாயை இழந்துவிடக் கூடும். ஆமையோ கரையேறும்போது இன்னும் அச்சம் மிகுந்தது. நீரில் பறவையைப் போல் விரைந்து செல்லும் அதன் துடுப்புக் கால்கள் மணலில் உடலை இழுப்பதற்கே தடுமாறுகின்றன. ஓடவும் முடியாது, ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளவும் கடலாமைக்கு இயலாது. ஒரு வெளிச்சம் அசைந்தால், ஓர் உருவம் எழுந்து நின்றால், முட்டையிடாமலே திரும்பிவிடும். வழிகாட்டி என்றால் காட்டுபவர் என்றுதான் நாம் பொருள் கொள்வோம். இங்கே அவருடைய பெரும் வேலை நம்மைத் தடுப்பதுதான்.

மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது தார்ச் சாலையில் பதினான்குக்குச் சமம். பாலவாக்கம் வருவதற்குள்ளேயே கெண்டைக்கால் வலித்தது. அங்கேதான் முதல் ஆமையைக் கண்டோம். இறந்து கிடந்தது. கழுத்து வீங்கிக் கண்கள் பிதுங்கியிருந்தன. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா அளவுநாடாவை எடுத்து ஓட்டின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். கொட்டிவாக்கம் தாண்டுமுன் இன்னும் மூன்று. நான்காவதன் அருகே எங்களில் ஒருத்தி, "இதுகூட முட்டை வைக்க வந்ததா அக்கா?" என்று கேட்டாள். "வயித்துல முட்டையோட இருந்திருக்கும்மா" என்றார். அதன் பிறகு வெகுநேரம் பேசக் கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவை ஏன் இறக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆமைக்கு மீனைப்போல் செவுள் இல்லை, நம்மைப்போல் நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். பெரிய விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடிகள் மணிக்கணக்கில் நீருக்குள்ளேயே இருக்கும். அந்த மடியில் சிக்கிய ஆமை போராடிப் போராடி மூச்சு முட்டி இறந்துபோகும். மீனைப் பிரிக்கும்போது பிணத்தைக் கடலில் எறிந்துவிடுவார்கள்; அலை அதனைக் கரைசேர்க்கும். கடலில் வாழும் பிராணி தண்ணீரில் மூழ்கிச் சாகிறது என்பது கேட்கக் கொடுமையாக இல்லையா? 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. சில வாரங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நாங்கள் கண்ட நான்கும் அந்தக் கணக்கின் மிச்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே பட்டியலில், இந்த ஆமையும் இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழகத்து விதி. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் கூடி நிற்பதும் இந்தக் கரையோர நீரில்தான். ஆகவே அந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான ஆமைகள் பிழைத்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்வோரை இதற்குக் குறை கூறுவது நியாயமாகாது; அவர்கள் இழுவை மடி போடுவதில்லை. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் ஒன்று உண்டல்லவா? அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்டது அது. ஆமைகளோ ஜனவரி முதல் மார்ச் வரை வருகின்றன. தடை தொடங்கும்போது அவை ஏறக்குறையப் போய்விட்டிருக்கும்! ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருசிகுல்யா ஆறுகள் கடலில் கலக்கும் பகுதிகளில் ஆமைகளுக்கென்றே நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிப்பதைத் தடுத்திருக்கிறார்கள். அங்கே இலட்சக்கணக்கான ஆமைகள் சில இரவுகளுக்குள் ஒன்றாகக் கரையேறி முட்டையிடும். நம் கரைக்கு அப்படிக் கூட்டமாக வருவதில்லை. ஒன்றொன்றாய், தனியே வரும்.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, அதன் அருகே ஒரு வாய் விட்டுவிட்டால், மீன்கள் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும். ஆமை கம்பியில் முட்டி வாய் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இந்தியப் படகுகளுக்கு ஏற்ப அதனை வடிவமைத்திருக்கிறது. மீனும் கொஞ்சம் நழுவிப்போகும் என்பதால் படகுக்காரர்களுக்கு அதில் விருப்பம் குறைவு.

நிற்க. மணி இரண்டு இருக்கும், திருவான்மியூரை நெருங்கிக்கொண்டிருந்தோம். முன்னே சென்ற அக்காவின் கை உயர்ந்தது. அப்படியே உட்கார்ந்தோம். ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி ஒரு தடம் சென்றிருந்தது. நம் ஊர்க் கழனியில் டிராக்டர் சக்கரம் பதிந்தது போல, இரு பக்கமும் மாறிமாறி வளைந்த கோடுகள். பேராமையானால் இரு பக்கத் துடுப்புகளையும் ஒன்றாக வீசி நகரும், தடம் சீராக இருக்கும். பங்குனி ஆமை நாம் நடப்பது போலக் கைமாற்றிக் கைமாற்றி நகர்வதால் தடமும் மாறிமாறி விழும். வழக்கமாக இப்படி ஒரு தடம் கண்டால் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்: ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. இங்கே ஏறிய தடம் மட்டுமே இருந்தது. அப்படியென்றால் ஆமை இன்னும் மேலேயே இருக்கிறது!

அது குழி தோண்டி முடிக்கும் வரை காத்திருந்தோம். முட்டையிடத் தொடங்கிவிட்டால் ஆமை ஒருவித மயக்க நிலைக்குப் போய்விடும்; அப்போது மட்டும், பின்புறமாக, நான்கு நான்கு பேராகத் தவழ்ந்து சென்று பார்க்கலாம். அக்கா சிறிய சிவப்பு விளக்கைக் குழிக்குள் மட்டும் விழுமாறு பிடித்தார். குழியைப் பார்த்த எங்களுக்கு நம்பவே முடியவில்லை. கழுத்துக் குறுகி வயிறு பெருத்த பானை! ஒன்றரை அடி ஆழம். அதனைக் கண்ணால் பாராமல், பின்னங்கால்களாலேயே அகப்பையால் அள்ளுவதுபோல் அள்ளி அள்ளித் தோண்டியிருக்கிறது. அதனுள்ளே பிங்பாங் பந்து போன்ற வெள்ளை முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருந்தன. ஓடு கெட்டியாக இராது, தோல்போல் மெத்தென்று இருக்கும். அதனால் விழுந்தாலும் உடைவதில்லை.

ஆமையின் கண்களிலிருந்து நீர் வடிந்தது. எங்களில் சிலர் அது பிரசவ வேதனை என்றே எண்ணிக்கொண்டிருந்தனர். உண்மையில், கடல் நீரைக் குடித்து வாழும் ஆமை உடம்பில் சேரும் மிகுதி உப்பைக் கண்ணருகிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் இந்தக் கண்ணீர் வழிந்துகொண்டேதான் இருக்கும். நமக்குத் தெரிவதில்லை.

முட்டையிட்டு முடிந்ததும் மணலைத் தள்ளி மூடிற்று. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உடலை இடமும் வலமும் தூக்கித் தூக்கி, கட்டடத் தளத்தைத் திமுசு கட்டையால் கெட்டிப்பதுபோல, 'தொப், தொப்' என்று மணலை இடித்தது. உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த அதிர்வு தரை வழியே வந்தது. அதன்பின் திரும்பிப் பாராமல் கடலை நோக்கி நகர்ந்தது. நுரை வந்து தொட்ட இடத்தில் கொஞ்சம் நின்றது. அடுத்த அலையில் காணோம். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். பெண்ணாமை தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடியே முட்டையிட வருகிறது என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டு வழி அறிகிறதாம். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் பெண்ணைப் போலத்தான். ஆனால் இந்தத் தாய் வீட்டில் இப்போது யார் யாரோ குடியிருக்கிறார்கள். உயரமான விளக்குக் கம்பங்கள் வேறு.

ஆமை போன பிறகு தொண்டர்கள் கூட்டைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாய் எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். 112. தாய் வைத்ததை நாம் எடுக்கலாமா என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. அதற்கு விடையும் கிடைத்தது. அங்கேயே விட்டால் நாய் தோண்டும். தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகளுக்கு வெளிச்சம் பகையாகிவிடும். ஆகவே பெசன்ட் நகரில் வேலியிட்ட பொரிப்பகத்தில், அதே ஆழத்தில், அதே பானை வடிவில் கையால் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். இதனைச் சில மணி நேரத்துக்குள் செய்து முடித்தாக வேண்டும். நேரமானால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். அதனால்தான் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டுவது போலக் காலையில் சாவகாசமாக வந்து எடுக்க முடியாமல், தூக்கம் விழித்து இரவெல்லாம் நடக்கிறார்கள்.

மற்றொரு விந்தை. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் போகப் போகப் பெண் மிகும், குறையக் குறைய ஆண் மிகும். உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் ஆண் ஆமைகள் அருகிவிடுமோ என்று அறிஞர்கள் கவலைப்படுகிறார்கள். ஆகையால் வெயில் ஏற ஏறப் பொரிப்பகத்தின் மேல் நிழற்பந்தல் போடுவதுண்டு.

ஏழு வாரங்களில் குஞ்சுகள் பொரிகின்றன. நாங்கள் இரயிலேறுவதற்கு முன், மறுநாள் மாலை, அந்தப் பருவத்து முதல் கூடுகளில் ஒன்று பொரிந்ததைப் பார்க்கும் பேறு கிடைத்தது. தீப்பெட்டிக்கும் சிறிய கருங்குஞ்சுகள். அவற்றைத் தூக்கி நீரில் விடுவதில்லை. மணலில் விட்டால் தாமாகவே நடந்து போக வேண்டும். தாம் பிறந்த கரையை மனத்தில் பதித்துக்கொள்ள அந்த நடை உதவும் என்று கருதுகிறார்கள். இருட்டில் கடல்பக்கத்து அடிவானம் நிலத்தைவிட வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தை நோக்கிப் போவதே குஞ்சுக்கு இயற்கை கற்பித்த ஒரே பாடம். சாலை விளக்கு அதைவிடப் பிரகாசமானால், குஞ்சு சாலைக்கே போகும். காலையில் அங்கே காக்கை காத்திருக்கும். பருவ காலத்தில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்கும்படி வேண்டுவது இதற்காகத்தான். 2024-ஆம் ஆண்டில் தமிழகக் கரை நெடுகிலும் உள்ள பொரிப்பகங்களிலிருந்து 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்கு அனுப்பப்பட்டன. ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பார்கள். அப்படிப் பெரிதாவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். கணக்குப் போட்டால், நாங்கள் கண்ட நான்கு பிணங்களுக்கு ஈடு செய்ய நாலாயிரம் குஞ்சுகள் வேண்டும். காத்திருக்கப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். எனவே பொரிப்பகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், மடியில் மாளும் தாய் ஆமைகளை அதனால் திரும்பக் கொடுத்துவிட முடியாது என்றே நாங்கள் எண்ணுகிறோம். அந்த அக்காவும் இதையே வேறு விதமாகச் சொன்னார்: "நாங்க முட்டையைத்தான் காப்பாத்தறோம்மா, ஆமையை இல்ல."

காண விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள். ஜனவரி முதல் மார்ச் வரையில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்வது வழக்கம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவர் ஒருவர் துணை வேண்டும். பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், நடை முடிய விடியற்காலை மூன்று, நான்கு மணியாகும். கருநீலம் அல்லது கறுப்பு உடை உத்தமம். குடிநீரைத் தவிர வேறு சுமை வேண்டாம். செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் நடப்பது எளிது. ஆனால் மீன்முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும், பார்த்து நடக்க வேண்டும். பல இரவுகளில் ஓர் ஆமையும் வராது. எங்களுக்கு முந்தைய வாரம் வந்த பள்ளி மாணவர்கள் விடிய விடிய நடந்து, இறந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம்.